தன்மை ஒருமை

புதுவயலில் ஆறு மணிக்கு அரைவை நிற்கும்.
சாவி என்னிடம். நான் இந்த மில்லின் கணக்கன்.
மூட்டைகளை ஓரம் தள்ளி
உமித்தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்கி வைத்தால்
ஏழு மணிக்குக் காரைக்குடி பஸ்ஸில் நாடகக்காரர்கள் வந்து இறங்குவார்கள்.

பதினெட்டு வருஷமாக வசனம் எடுத்துக்கொடுப்பவன்.
மேடையேறப் பார்த்தது ஒரே தடவை.
பழைய இயக்குநர் அடிஸ்கேலால் என் மணிக்கட்டில் தட்டி
"கை என்ன, கல்யாணத்துல பன்னீர் தெளிக்குதா?
ஆம்பளையா நட" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
மற்றவர்களைவிடச் சத்தமாக.
அந்த நடிப்புக்கு மட்டும்
யாரும் திருத்தம் சொல்லவில்லை.

உமையாள் பொறுப்பேற்ற முதல் நாள்
ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம் என்று
வழக்கப்படி சிக்கந்தர் கை காட்டினான்.
புதிதாக வந்த ஒருவர் மட்டும்
எடைமேடையின் மேல் ஏறி நின்றுவிட்டார்.
பெயர்?
தேனு.
தேனப்பனா, தேனம்மையா என்றேன். கணக்கன் புத்தி,
ரசீதில் முழுப்பெயர் வேண்டுமே.
"அப்பனும் வேண்டாம், அம்மையும் வேண்டாம்ண்ணே.
தேனு போதும்."
முள் நாற்பத்தொன்பதில் ஆடி நின்றது.

அன்றிலிருந்து உமையாள் எங்களைப் பிரிப்பது
ஒருநாள் செருப்பளவுப்படி, ஒருநாள் பிறந்த கிழமைப்படி,
ஒருநாள் காபியா டீயா.
தொடும் காட்சி என்றால் முதலில் கேட்க வேண்டும்:
தோளில் கை வைக்கலாமா?
சாத்தப்பன் ஒரு வாரம் இதை வைத்தே பிழைத்தான்,
டீக்கடையில் கிளாஸைப் பார்த்து "தொடலாமா?" என்பான்.
பிறகு ஒருநாள் தேனு அவனிடம் கேட்டபோது
"இடுப்புல வேண்டாம்" என்றான்.
சொன்னவன் வெகுநேரம்
யாரோடும் பேசாமல் கோணிமேல் உட்கார்ந்திருந்தான்.

நாடகம் இதுதான்:
பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனவன்
பதினோரு வருஷம் கழித்துத் திரும்புகிறான்.
மனைவி கதவைத் திறக்காமலே பேசுகிறாள்.

நீலவேணிக்குக் காய்ச்சல் வந்த வெள்ளிக்கிழமை
பிரதி என் கையில் இருந்தது. நானே வாசித்தேன்.
குரலை மெல்லிசாக்கி,
வழக்கமான சிரிப்புக்கு முன்கூட்டியே இடம்விட்டு.
"மாத்தாதீங்க" என்றாள் உமையாள்.
"உங்க குரலுக்கு என்ன குறை?"

மூட்டை எண்ணும் அதே குரலில் சொன்னேன்,
ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற சிக்கந்தரிடம்:
"நீ போனாய். நான் இருந்தேன்.
விளக்கு வைத்தேன், அணைத்தேன்.
உன் சட்டை ஒன்றை
மூன்று வருஷம் துவைக்காமல் வைத்திருந்தேன்."

சிரிப்பு வரவில்லை.
இலக்கணத்தில் முப்பத்தெட்டு வாங்கியவன் நான்.
அன்றைக்குத்தான் உறைத்தது,
போனான் போனாள் எல்லாம்
நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசுவது.
இருந்தேன் என்பதற்குப் பால் கிடையாது.
அதற்குத் தன்மை என்று பெயர் சொல்லித்தான்
தமிழய்யா எழுதிப்போட்டார்.
நான் பார்த்து எழுதியிருக்கிறேன்.

ஷட்டரின் கீழே இடைவெளியில்
சிக்கந்தரின் கால்விரல்கள் தெரிந்தன.
அவன் பதில் சொல்ல வேண்டிய இடம், வசனம் மறந்துவிட்டது.
எடுத்துக்கொடுக்க வேண்டியவன் நான்.
கொடுக்கவில்லை.

திங்களன்று நீலவேணி வந்துவிட்டாள்.
"ஆறு நாள் ஆட்டத்துல ரெண்டு நாள் நீங்க போடுங்க"
என்றாள் முறுக்கைக் கடித்தபடி.
யோசிக்கிறேன் என்றிருக்கிறேன்.
முதல் வரிசையில் மில் முதலாளி உட்காருவார்,
தம்பியும் அவன் மாமனார் வீட்டாரும் உட்காருவார்கள்.
யோசிக்கத்தான் வேண்டும்.

நேற்றுப் பூட்டும்போது
ஷட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டான் சிக்கந்தர்.
அவன் விரல்மேல் என் விரல் பட இருந்தது.
நிறுத்தினேன். கேட்டேன்.
"அட, பஸ் போயிடும்ண்ணே" என்றான்.
கையை எடுக்கவில்லை.